ஓடும் வீட்டின் முன்சக்கரம்

வீடென்பது ஓரிடத்தில் நிலைத்து நிற்பது. வண்டியென்பது இடம்விட்டு இடம் பெயர்வது. தம்முள் மாறுபட்ட இவ்விரு இயல்புகளையும் ஓருருவில் இணைத்த ஊர்தியொன்று வட அமெரிக்காவின் பெருஞ்சாலைகளிலே நாள்தோறும் ஓடுகின்றது. அந்நாட்டார் அதனை 'மோட்டார் ஹோம்' என்பர். தமிழில் ஓடும் வீடு எனலாம். லொறிக்கோ பஸ்ஸுக்கோ உரிய அடிச்சட்டத்தின் மேல் படுக்கையறை, அடுக்களை, குளியலறை, தண்ணீர்த் தொட்டி ஆகிய யாவும் அதில் அமைந்திருக்கும். அயோவா மாநிலத்து ஃபாரஸ்ட் சிற்றி என்னும் ஊரிலுள்ள வின்னபேகோ நிறுவனம் 1966ஆம் ஆண்டில் இவ்வூர்திகளைச் செய்யத் தொடங்கிற்று. அதன்பின் நடுத்தரக் குடும்பத்தாருக்கும் இவை எட்டும் பொருளாயின. உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியோர் சிலர் நிலையான வீட்டை விற்றுவிட்டு, ஆண்டு முழுவதும் இவற்றிலேயே வாழ்ந்து வருகின்றனர்.

இவ்வீட்டின் கூரையிலிருந்து ஒரு துளி நீர் ஒழுகினால், வீட்டுக்காரர் அன்றே ஏணி வைத்து ஏறிப் பார்ப்பர். முன்சக்கரத்தின் நடுவிலிருந்து ஒரு துளி எண்ணெய் ஒழுகினாலோ, வண்டியென்றால் எண்ணெய் கசிவது இயல்புதானே என்று துணியால் துடைத்துவிட்டுப் பயணத்தைத் தொடர்வோரும் உளர். கூரை ஒழுக்கினால் மெத்தை நனையும். சக்கரத்தின் ஒழுக்கினால் உயிருக்கே கேடு நேரலாம். ஆதலால் அவ்வெண்ணெய் எங்கிருந்து வருகின்றது, ஏன் வருகின்றது, அதனை நிறுத்துவது எவ்வாறு என்னும் மூன்று வினாக்களையும் இவ்வரிசையிலேயே கேட்டறிதல் வேண்டும். முதலிரண்டு வினாக்களையும் விட்டு மூன்றாவதற்குப் பாய்வதே இத்துறையில் பெரும்பாலும் நிகழும் தவறு.

சக்கரத்தின் நடுவே எண்ணெய் இருப்பதன் நோக்கத்தை முதலில் நோக்குதல் தகும். மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுப்பாகத்தைக் குடம் என்று கூறுவது தமிழ் வழக்கு. அக்குடத்தினுள்ளே அச்சின் முனை நுழைந்திருக்கும். இரண்டும் உரசித் தேயாதிருக்க வண்டிக்காரர் மசகிடுவர். மோட்டார் வண்டியிலும் குடம் உண்டு. கராஜுகளில் அதனை 'ஹப்' என்பர். ஆயின் அங்கே குடம் அச்சின்மேல் நேரே உரசுவதில்லை. இரண்டிற்கும் இடையே உருக்கு உருளைகளைக் கொண்ட 'பெயாரிங்' என்னும் தாங்கிகள் இரண்டு, உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக அமைந்திருக்கும்.

இவ்வுருளைகள் ஒருபுறம் பருத்தும் மறுபுறம் சிறுத்தும் இருக்கும். இவ்வடிவத்திற்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஹென்றி ரிம்கன் என்பவர் சென்ற்லூயிஸ் நகரில் குதிரைவண்டிகள் செய்துவந்தவர். வண்டி திரும்பும்போது சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசையொன்று எழும். மேலிருந்து அமுக்கும் பாரத்தையும் பக்கத்திலிருந்து வரும் அத்தள்ளலையும் ஒருங்கே தாங்கவல்ல கூம்புருளைப் பெயாரிங்கிற்கு அவர் தம் மருமகனோடு சேர்ந்து 1898ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். குதிரைவண்டிக்காகப் பிறந்த அவ்வமைப்பே இன்று பாரமான ஊர்திகளின் முன்சக்கரங்களைத் தாங்கி நிற்கின்றது.

பெயாரிங்கிற்கு மசகிடும் முறைகள் இரண்டு. ஒன்று, தடித்த கிறீஸை உருளைகளினிடையே அடைத்து வைப்பது. மற்றையது, குடத்தின் உட்குழியில் எண்ணெயை நிரப்பி, உருளைகள் அதனுள்ளே தோய்ந்து சுழலுமாறு விடுவது. பெரிய ஓடும் வீடுகள் பலவற்றில், லொறிகளிற் போலவே, இந்த எண்ணெய்க் குளியல் முறையே கையாளப்படுகின்றது. பின்னச்சின் பற்சக்கரங்களுக்கு இடும் 80டபிள்யூ-90 போன்ற தடித்த எண்ணெயே பெரும்பாலும் இதற்கும் பயன்படும். அதன் அளவோ ஒரு லீற்றருக்கும் குறைவு. அச்சிறு அளவில் ஒரு பகுதி போய்விடினும் மேலே சுழலும் உருளைகளுக்கு எண்ணெய் எட்டாது போகும்.

இவ்வெண்ணெயைக் காத்துநிற்கும் காவல்கள் மூன்று. குடத்தின் வெளிமுகத்தில் ஒரு மூடி போல்ட்டுகளால் பொருத்தப்பட்டு, அதன் அடியில் எண்ணெய் புகாத ஒரு மெல்லிய தகடு இடப்பட்டிருக்கும். அம்மூடியின் நடுவே ஒளி ஊடுருவும் சாளரமொன்றும், அதன் மையத்தில் இறப்பர் அடைப்பானொன்றும் இருக்கும். எண்ணெய் எவ்வளவு உண்டு என்பதைச் சாளரத்திலுள்ள கோடு காட்டும். உள்ளே சூடேறி விரியும் காற்று அடைப்பானிலுள்ள நுண்ணிய பிளவின் வழியே வெளியேறும். குடத்தின் உள்முகத்திலோ, சுழலும் குடத்துக்கும் நிலையாய் நிற்கும் அச்சுக்கும் இடையே இறப்பர் உதடு பொருந்திய வளையமொன்று உண்டு. 'ஒயில் சீல்' எனத் தொழிலாளர் வழங்குவது இதனையே. மூன்று காவல்களுள்ளும் இதுவே மிகக் கடினமான பணியைச் செய்வது. கண்ணுக்கு மறைந்திருப்பதும் இதுவே.

சக்கரத்தருகே ஈரம் காணப்பட்டால், அது குடத்து எண்ணெய்தானா என்பதை முதலில் துணிதல் வேண்டும். அவ்விடத்தில் ஒழுகக்கூடிய திரவங்கள் வேறும் பல உள. திசைமாற்றும் பொறியின் திரவம் சிவந்த நிறமுடையதாய் இருத்தல் பெரும்பான்மை. அதிர்ச்சி தாங்கியின் எண்ணெய் அத்தாங்கியின் உடலிலேயே வழிந்த தடத்தைக் காட்டும். திரவ விசையால் இயங்கும் பிறேக் உள்ள வண்டியில் பிறேக் திரவமும் கசியலாம். காற்று விசையால் இயங்கும் பிறேக் உள்ள வண்டியில் அவ்வையம் எழாது. எஞ்சின் முன்னே உள்ள வண்டியில் எஞ்சின் எண்ணெய் பின்னோக்கித் தெறித்திருக்கலாம். எஞ்சின் பின்னே உள்ள பெரிய வண்டியில் அதற்கும் இடமில்லை.

இவற்றைப் பிரித்தறிய எளிய வழிகள் உண்டு. குடத்து எண்ணெய் பற்சக்கர எண்ணெயாயின் அதற்குக் கந்தகத்தை ஒத்த கடுநெடி இருக்கும். ஒருமுறை முகர்ந்தவர் மறவார். ஐயத்துக்குரிய திரவத்தில் ஒரு துளியை நீரில் விட்டால், எண்ணெய் மிதக்கும். வழக்கமான பிறேக் திரவம் நீரோடு கலந்துவிடும். பிறேக் திரவமே கசிகின்றதெனத் தெரிந்தால் வண்டியை அவ்விடத்திலிருந்து ஓட்டிச் செல்லுதல் ஆகாது.

எண்ணெய் குடத்தினதே என்று தெளிந்தபின், அது எந்தக் காவலைக் கடந்து வந்தது எனக் காணல் அடுத்த படி. சக்கரத்தின் வெளிமுகத்தில் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஆரக்கால்கள் போல எண்ணெய்க் கோடுகள் சென்றிருந்தால், குற்றம் மூடியிலோ சாளரத்திலோ அடைப்பானிலோ உள்ளது. சுழலும் சக்கரம் எண்ணெயை வெளிநோக்கி வீசுவதால் அக்கோடுகள் உண்டாகின்றன. சக்கரத்தின் உள்முகத்திலும் ரயரின் உட்பக்கத்திலும் பிறேக்கின் மேலும் ஈரம் இருந்தால், கடந்து வந்த வாயில் ஒயில் சீலே. வெளிமுகம் துப்புரவாய் இருத்தல் உள்முகத்துக்குச் சான்றாகாது. ஆதலால் மின்விளக்கும் கைக்கண்ணாடியும் கொண்டு இரு முன்சக்கரங்களின் உட்புறத்தையும் பார்த்தல் வேண்டும். பழைய அழுக்கு இடத்தை மறைத்தால், எல்லாவற்றையும் கழுவித் துடைத்து உலரவிட்டு, மூடியின் விளிம்பில் சோக்குத் தூளைத் தூவி, சிறிது தூரம் ஓடி மீண்டும் நோக்கினால், புதிய ஈரம் தன் பிறப்பிடத்தைத் தானே காட்டிவிடும்.

இனி, ஏன் கசிந்தது என்னும் இரண்டாம் வினா. சீல் கெட்டதனால் கசிந்தது என்பது விடைபோலத் தோன்றும். உண்மையில் அது வினாவைத் திருப்பிக் கூறுவதே ஆகும். காய்ச்சல் கண்டவனுக்கு உடல் சுடுவதனால் காய்ச்சல் என்று சொல்வதை எந்த வைத்தியரும் ஏற்கமாட்டார். சீல் ஏன் கெட்டது என்பதே கேட்கத்தக்கது.

காரணங்களுள் மிக எளியது அளவுக்கு மிஞ்சிய எண்ணெய். கோட்டுக்கு மேலே நிரப்பினால் நன்மை கூடும் என்று கருதி ஊற்றுவோர் உண்டு. சூட்டில் எண்ணெய் விரிந்து, மிகையானது அடைப்பானின் வழியே வெளியேறும். அதனைக் கசிவென்று எண்ணி மேலும் ஊற்றுவர். அடுத்தது அடைபட்ட காற்றுவழி. அடைப்பானின் பிளவு சேற்றாலோ வண்ணப்பூச்சாலோ மூடிக்கொண்டால், உள்ளே பெருகும் அமுக்கம் போக்கிடம் தேடிச் சீலின் உதட்டைத் தள்ளும். அத்தகைய வண்டியில் எத்தனை புதிய சீல்களை இட்டாலும் பயன் இராது. துப்புரவாக்க வேண்டியது சிறு பிளவொன்றையே.

மூன்றாவது காரணம் பெயாரிங்கின் தளர்ச்சி. பெயாரிங் தளர்ந்தால் சக்கரம் சுழலும்போதே சிறிது ஆடும். அவ்வாட்டத்தோடு சீலின் உதடும் ஆடித் தேயும். நான்காவது, சீல் பொருந்தும் அச்சின் முகத்தில் நெடுங்கால உராய்வால் உண்டான பள்ளம். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும் அளவு பள்ளம் இருப்பின் புதிய இறப்பர் அதில் ஒட்டி நில்லாது.

ஐந்தாவது காரணம் ஓடும் வீட்டுக்கே சிறப்பாக உரியது. லொறி நாள்தோறும் ஓடும். ஓடும் வீடோ கோடையில் சில கிழமைகள் ஓடி, குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் உறங்குவது பெருவழக்கு. நின்ற சக்கரத்தில் எண்ணெய் கீழே தங்க, மேற்பாதி உருளைகளும் சீலின் மேற்பாதி உதடும் மாதக்கணக்கில் உலர்ந்து கிடக்கும். ஈரக்காற்றுப் பட்ட உருளையில் துரு ஏறும். உலர்ந்த இறப்பர் இறுகும். வசந்தகாலத்து முதற் பயணத்தில் அவ்விறுகிய உதடு உருக்கின்மேல் உரசிக் கிழியும். குறைந்த தூரம் ஓடிய வண்டி என்று விற்பவர் பெருமையாகக் கூறுவதை வாங்குபவர் எச்சரிக்கையாகக் கொள்ளுதல் நன்று.

இக்கசிவினால் விளையும் தீங்கினைக் கொலராடோ மாநிலத்து மலைச்சாலையொன்றில் வைத்து எண்ணிப் பார்க்கலாம். 1973ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 11,000 அடி உயரத்தில் றொக்கி மலைத்தொடரை ஊடறுத்துச் செல்கின்றது. அங்கிருந்து கிழக்கே 5,280 அடி உயரத்திலுள்ள டென்வர் நகரை அடைய ஏறக்குறைய 60 மைல் தூரமே உண்டு. பல தொன் எடையுள்ள வீடொன்று அவ்வளவு இறக்கத்திலும் வேகம் மிகாது இறங்கவேண்டும். சாரதி எஞ்சினின் தடையைப் பெரிதும் நம்பியே இறங்குவார். எனினும் வளைவுகளில் பிறேக்கை அழுத்தாதிருக்க இயலாது. அப்போது ஒரு முன்சக்கரத்தின் பிறேக் எண்ணெயில் தோய்ந்திருந்தால், மற்றைச் சக்கரம் பிடிக்க இது பிடியாது வழுக்கும். வண்டி ஒருபக்கமாக இழுபடும். பின்னறையில் உறங்கும் குழந்தைக்கோ அடுக்களையில் அமர்ந்திருக்கும் பாட்டிக்கோ அது தெரியாது. திசைமாற்றும் வளையத்தைப் பற்றிய கைகளுக்கு மாத்திரமே தெரியும்.

மற்றைத் தீங்கு மெல்ல வருவது. எண்ணெய் வற்றிய பெயாரிங் காய்ந்து சூடேறும். உருக்கு நீலம் பாயும். உருளைகள் இறுகி அச்சோடு பற்றிக்கொள்ளும். முடிவில் சக்கரம் தீப்பற்றலாம்; அச்சைவிட்டுக் கழன்று சாலையில் உருண்டோடவும் கூடும். அவ்வாறு கழன்ற சக்கரத்தால் எதிரே வருவோரும் மாள்வர்.

அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளின் 49ஆம் தலைப்பில் 396.5ஆம் பிரிவு, வணிக ஊர்திகள் முறையாக மசகிடப்பட்டு, எண்ணெய்க் கசிவும் கிறீஸ்க் கசிவும் அற்றனவாய் இருத்தல் வேண்டும் என விதிக்கின்றது. எண்ணெய் தோய்ந்த பிறேக் சோதனையிற் குறைபாடாகக் கொள்ளப்படும். ஆயின் சொந்த உல்லாசத்துக்காக ஓட்டப்படும் ஓடும் வீட்டை அவ்வணிக விதிகள் கட்டுப்படுத்துவதில்லை. லொறியை ஒத்த அச்சும், லொறியை ஒத்த பாரமும் அதற்கும் உண்டு. லொறிச் சாரதிக்குள்ள நாட்சோதனைக் கடமை மாத்திரம் இல்லை. எனவே அவ்வீட்டுக்குப் பரிசோதகர் வீட்டுக்காரரே.

பழுதுபார்க்கும் முறையை இனிக் காணலாம். மூடியின் தகடோ அடைப்பானோ கெட்டிருந்தால் வேலை சிறிது. மூடியைக் கழற்றி, இரு முகங்களையும் துடைத்து, புதிய தகடிட்டு, போல்ட்டுகளை எதிரெதிராகச் சீராய் முடுக்கினாற் போதும். வலிமையெல்லாம் காட்டி முடுக்கினால் விளிம்பு வளைந்து புதிய கசிவு தோன்றும்.

ஒயில் சீலை மாற்றுதல் பெருவேலை. பழக்கமும் கருவியும் இல்லாதார் அதனைத் தேர்ந்த தொழிலாளரிடம் ஒப்படைத்தல் நன்று. எனினும் நடைபெறுவதை அறிந்திருத்தல் எவர்க்கும் பயன்தரும். பெரிய வண்டியின் முன்னச்சு 12,000 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 5,400 கிலோகிராம் பாரத்தைத் தாங்குவதாய் இருக்கலாம். ஆதலால் உறுதியான சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குத் தடைக்கட்டை இட்டு, அச்சை உயர்த்தி, அப்பாரத்துக்கேற்ற இரும்புத் தாங்கிகளின் மேல் இருத்தவேண்டும். தங்குமிடத்தில் வீட்டைச் சமநிலைப்படுத்தும் ஜக்குகளை நம்பி அடியிற் புகுதல் ஆகாது. காற்றுப்பைகளின் மேல் நிற்கும் வண்டியில் காற்று இறங்கினால் உடல் முழுவதும் சடுதியாய்த் தாழும். அதன் கீழே சென்று நசுங்கி மாண்டோரும் உளர்.

சக்கரத்தையும் பிறேக்கின் பாகங்களையும் அகற்றிய பின், வடித்தெடுத்த எண்ணெயைப் பார்த்தல் வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. மின்னும் துகள்கள் இருந்தால் உருக்கு தேய்கின்றது. கருகி நாறினால் சூடு மிகுந்துள்ளது. பெயாரிங்கில் குழியோ துருவோ நீலமோ காணப்பட்டால், உருளைகளையும் அவை உருளும் வளையத்தையும் சோடியாகவே மாற்றவேண்டும். அச்சின் முகத்திற் பள்ளம் இருப்பின் அதற்குரிய மெல்லிய உறையை ஏற்றவேண்டும். புதிய சீலைக் கண்டபடி சுத்தியலால் தட்டி இறக்கினால் அது கோணி, முதல் நாளே ஒழுகும். அதற்கென உள்ள செலுத்து கருவியால் நேராக இறக்குதலே முறை.

அடுத்து, பெயாரிங்கை முடுக்கும் நுட்பம். அமெரிக்க லொறிச் சங்கங்களின் தொழில்நுட்பப் பராமரிப்புக் குழு வகுத்த 618ஆம் எண் நடைமுறை இதற்கு வழிகாட்டுகின்றது. சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை 200 அடி-இறாத்தல் விசைக்கு முடுக்கி, ஒரு முழுச் சுற்றுத் தளர்த்தி, மீண்டும் 50 அடி-இறாத்தலுக்கு முடுக்கி, அச்சின் புரியிழைக்கேற்பச் சிறிது தளர்த்திப் பூட்டவேண்டும். பூட்டியபின் அளவுமானியை வைத்து, குடம் உள்ளும் புறமும் அசையும் தூரம் 0.001 அங்குலத்துக்கும் 0.005 அங்குலத்துக்கும் இடையே உள்ளதா எனக் காணவேண்டும். எழுதும் தாளொன்றின் தடிப்பளவே அவ்விடைவெளி. கைப்பழக்கத்தால் அதனை உணரலாம் என்பார் உளராயினும், தாளின் தடிப்பைக் கை சரியாக அளந்து கூறுவதில்லை. தொழிற்சாலையிலேயே அளவிட்டுப் பூட்டப்பட்ட குடங்களுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றுக்குச் செய்தவர் கூறிய விதியே விதி.

எண்ணெய் தோய்ந்த பிறேக் கட்டைகளைப் பெற்றோலிற் கழுவி மீண்டும் இடுவது சிக்கனமாகத் தோன்றும். கட்டையின் நுண்துளைகளுள் ஊறிய எண்ணெய் கழுவலால் முற்றும் நீங்காது. சூடேறியதும் மீண்டும் மேற்பரப்புக்கு வரும். ஆதலால் அவற்றை மாற்றவே வேண்டும். இரு பக்கமும் ஒத்துப் பிடிக்குமாறு வலமும் இடமும் ஒருங்கே மாற்றவேண்டும்.

இறுதியாக எண்ணெயை மெதுவாக நிரப்பவேண்டும். தடித்த எண்ணெய் உட்குழிக்குள் இறங்க நேரம் எடுக்கும். சிறிது பொறுத்து, சக்கரத்தைச் சுழற்றி, மீண்டும் கோடுவரை நிரப்புதல் வேண்டும். சக்கர நட்டுகளை 50 முதல் 100 மைல் வரை ஓடியபின் மறுபடி அளந்து முடுக்குதல் மறக்கத்தகாதது. முதல் ஓட்டத்தின்பின் இரு குடங்களின் சூட்டையும் வெப்பமானியால் ஒப்பிட்டு நோக்கவேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒத்திருப்பது நலம். ஒன்று மற்றையதினும் மிகச் சூடாயிருந்தால், அப்பக்கத்தை மீண்டும் திறந்து பார்ப்பதே அறிவுடைமை.

இவ்வளவு உழைப்பையும் தவிர்க்கும் வழி மிக எளிது. பயணம் புறப்படும் ஒவ்வொரு காலையும் இரு மூடிகளின் சாளரங்களையும் துடைத்து, எண்ணெய் கோட்டளவில் நிற்கின்றதா எனப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். மாதம் ஒருமுறை சக்கரங்களின் உட்புறத்தைக் குனிந்து நோக்கவேண்டும். நெடுநாள் நிறுத்தி வைக்கும் காலத்தில் இடையிடையே சில மைல் தூரம் ஓட்டி வந்தால், உலர்ந்த மேற்பாதியும் எண்ணெயில் நனையும். கோடு தாழ்ந்திருந்தால் எண்ணெயை ஊற்றுவதோடு அமையாது, போன எண்ணெய் எங்கே போயிற்று என்றும் கேட்கவேண்டும். ஊற்றுபவர் அன்றைய பயணத்தை மாத்திரம் காப்பர். கேட்பவர் அதில் வாழும் குடும்பத்தையே காப்பர்.